பதினோரு நாள் மான்கறி

நான் அரைப்பதையே தொழிலாகக் கொண்டவன். நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். மாத்திரைக்குள் போகிற பொடியை எந்த மெஷினில் அரைப்பது, எந்தச் சல்லடையில் சலிப்பது, எவ்வளவு நைசாக இருந்தால் வயிற்றில் எத்தனை நிமிடத்தில் கரையும் என்றெல்லாம் முடிவு செய்வது என் வேலை. ஒரு மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஆறு மாதம் மீட்டிங் போடுவோம். விற்க வந்தவர்களை ஓட்டிக் காட்டச் சொல்லி, நாலு குறை சொல்லித் திருப்பி அனுப்புவோம். அதனால் வீட்டில் கறி அரைக்க ஒரு மெஷின் வேண்டியிருந்தபோது, இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். அந்தத் திமிரால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

1996ஆம் வருடத்தின் கடைசி. பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் வளாகத்தில் இரண்டாவது மாடியில் இருந்தோம். நானும் என் மனைவியும் மட்டும்தான். குழந்தை இல்லை. அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. நாக்குக்கு அடியில் ஒரு கட்டி வந்து, அக்டோபரில் அறுவை செய்து எடுத்தார்கள். அடுத்து ரேடியேஷன், ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். ரேடியேஷன் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாது என்று, ஆரம்பிப்பதற்கு முன்பே கடைவாய்ப் பற்கள் எட்டையும் எடுத்துவிட்டார்கள். நல்ல பற்கள் அவை. ஆட்டு நெஞ்செலும்பை நொறுக்கித் தின்றவள், கையில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தாள்.

ரேடியேஷனுக்குப் படுக்க வைக்கும்போது தலை இம்மி அசையக் கூடாது. அதற்காக அவள் முகத்தை அளவெடுத்து, ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்திருந்தார்கள். அதை முகத்தில் போட்டு மேஜையோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். கன்னம் ஒட்டினால் முகமூடி தொளதொளத்துப் போகும். குறி தவறும். வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். நடுவில் நிறுத்துவது நல்லதல்ல என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவள் நூற்று நான்கு பவுண்டு இருந்தாள். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்துவிடுவோம் என்றார்.

"வயித்துல ஓட்டை போட்டு ஊத்துவாங்களா?" என்று திரும்பி வரும்போது காரில் கேட்டாள். "அப்புறம் வாய் எதுக்குங்க? அதெல்லாம் வேண்டாம். எப்படியாவது நான் சாப்ட்டுடறேன்."

ஆரம்பத்தில் சாப்பிட்டாள். இட்லியைப் பாலில் கரைத்து, பருப்பை மசித்து. இரண்டு வாரம் போனதும் ருசி போயிற்று, வாசனை போயிற்று, வாயில் எச்சில் ஊறுவது நின்றது. மிளகாய் வேண்டாம், உப்பே எரிகிறது என்றாள். ஐசலினில் இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கறிக்கடைக்குப் போய் ஆட்டுக்கறி கொத்தி வாங்கி வந்து, குழைய வேகவைத்துக் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

என் பிரிவில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற அமெரிக்கர் ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். டிசம்பர் ஆனால் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, வடமேற்கே மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போவார். விஷயம் கேள்விப்பட்டு மற்றவர்கள் எல்லாம் கார்டும் பூவும் அனுப்பினார்கள். இவர் மட்டும் என் மேஜைக்கு வந்து, உங்கள் மனைவி கறி சாப்பிடுவாரா என்று கேட்டார். ஆடு, கோழி சாப்பிடுவாள், மாடும் பன்றியும் தொடமாட்டாள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த வருடம் மான் கிடைத்தால் பாதி உங்களுக்கு என்றார். சொன்ன மாதிரியே கிடைத்தது. மலைக்குப் போகிற வழியில் மானை வெட்டி, அரைத்து, பொட்டலம் கட்டித் தருகிற கடை இருக்கிறது, அங்கே போட்டுவிட்டேன், நீங்களே போய் எப்படி வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

மான் வருகிறது என்றதும் அவள் முகம் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "அது பரவால்லங்க," என்றாள். "ஆட்டுக்கறி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வாய்ல வெச்சா அது இல்லன்னு தெரியுது, அதான் அழுகை வருது. மான் நான் சாப்ட்டதே இல்ல. ருசி இல்லன்னாலும் இதான் மான் போலன்னு நெனச்சுப்பேன்."

கடை என்பது ஒரு பண்ணை வீட்டுக்குப் பின்னால் இருந்த நீளக் கொட்டகை. உள்ளே குளிரில் தோல் உரித்த மான்கள் வரிசையாகத் தொங்கின. கவுண்டரில் ஒரு பெண்மணி ஒரு தாளைக் கொடுத்தாள். தொடை எப்படி வேண்டும், முதுகு எப்படி வேண்டும், எத்தனை பவுண்டு அரைக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிக்கு முந்தைய கட்டத்தில், அரைக்கும்போது கொழுப்பு சேர்க்கலாமா, ஆம், இல்லை. கொழுப்பு எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம் என்று போட்டேன். ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதியிருந்ததற்கு வட்டம் போட்டேன். எந்தக் கொழுப்பு என்று அந்தத் தாளில் இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த மானின் கொழுப்பைத்தான் திரும்பப் போடுவார்கள் என்று நினைத்தேன். வேறு எதை நினைப்பது? நம் கறிக்கடையில் கொஞ்சம் கொழுப்பாகப் போடுங்க பாய் என்றால், தொங்குகிற அதே ஆட்டிலிருந்துதானே அறுத்துப் போடுவார்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்கள் வந்தன. சின்ன வெங்காயம், சீரகம், கொஞ்சம் தேங்காய்ப் பால் விட்டு வேகவைத்து, தளரத் தளரக் கொடுத்தேன். முதல் வாய் வாங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வழுக்கிட்டு போகுதுங்க," என்றாள். "நல்லா இருக்கு."

பதினோரு நாள் சாப்பிட்டாள். மத்தியானம் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். தொண்ணூற்றெட்டில் இருந்த எடை குறையாமல் நின்றது, அடுத்த திங்கட்கிழமை அரை பவுண்டு ஏறவும் செய்தது. ரேடியேஷன் நடுவில் எடை ஏறி நான் அதிகம் பார்த்ததில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த வாரம், லஞ்ச் அறையில் அந்த மெஷின்காரரிடம் நன்றி சொன்னேன். மான்கறி அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே, கொழுப்பு வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டீர்கள்தானே என்று கேட்டார். இல்லையே, போடச் சொன்னேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மான் கொழுப்பு மெழுகு, வாயில் வைக்க முடியாது, அதை அறுத்து எறிந்துவிட்டு மாட்டுக் கொழுப்பைத்தான் போடுவார்கள், இங்கே எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் தாளில் எழுதுவதில்லை என்றார். பிறகு, உங்கள் மனைவி அதைச் சாப்பிடமாட்டார் என்று சொன்னீர்களே என்றார். நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது பெரிய விஷயமில்லை. டெக்ஸஸில் மேல்படிப்புப் படிக்கும்போது ஹாம்பர்கர் தின்றே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். அவளுக்கு அப்படியில்லை. இந்த ஊருக்கு வந்து பத்து வருடத்தில் முடியை வெட்டிக்கொண்டாள், பேண்ட் போட்டாள், பனியில் ஃப்ரீவேயில் என்னை விட நன்றாகக் கார் ஓட்டினாள். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். இது ஒன்றில் மட்டும் பிடிவாதம். சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பாள். ஓட்டலில் சூப்பு எந்த எலும்பில் செய்தது என்று கேட்பாள். நான் கிண்டல் செய்தால், "எல்லாத்தையும்தான் மாத்திக்கிட்டேன். இது ஒண்ணாவது அப்படியே இருந்துட்டு போகட்டுமே" என்பாள். சாமி, சாத்திரம் என்று ஒருநாளும் காரணம் சொன்னதில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லவில்லை. ஃப்ரீசரில் நான்கு பொட்டலம் மிச்சமிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரம் எடுத்துக்கொண்டு போய் வளாகத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கறி தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் இனி வீட்டிலேயே அரைத்துக்கொள்ளலாம், கடைக்காரன் சுத்தமாகச் செய்வதில்லை என்று சொன்னேன். சுத்தம் என்ற வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. சரி என்றாள். ஃபேக்டரியில் ஒரு பேட்ச் கெட்டுப்போனால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைச் சரியாகச் செய்வோம். அத்தோடு கதை முடியும். அதே மாதிரி இதையும் முடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மெஷின்காரர் அவர் பங்கிலிருந்து ஒரு தொடையும் ஒரு முன்னங்காலும் முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கிராஃப் பேப்பர் எடுத்துக் கட்டம் போட்டேன். கையால் சுற்றுவது, கரண்டில் ஓடுவது, ஏற்கெனவே இருக்கிற மிக்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே வேகம், சூடு, தட்டின் துளை அளவு, கழுவுவது சுலபமா, சத்தம் எவ்வளவு என்று எழுதினேன். அவள் சோபாவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன, ஆபீஸ் ஒர்க்கா?"

"உனக்குக் கறி அரைக்க மெஷின் செலக்ட் பண்றேன்."

"ரெண்டு கிண்ணம் கறிக்கு இவ்ளோ பேப்பரா?" என்று சிரித்தாள். சிரித்தால் வாய் வலிக்கும். வலியோடு சிரித்தாள்.

முதலில் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த மிக்சி. தேங்காய்க்கும் மிளகாய்க்கும் பிறந்த மெஷின் அது. பிளேடு சுற்றுகிற வேகத்தில் கறி வெட்டுப்படாமல் அடிபட்டது, சூடேறிக் கோந்து மாதிரி ஜாரில் ஒட்டிக்கொண்டது. வேகவைத்தால் ரப்பர். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாலில் வெள்ளை நிறத்தில் அழகாக ஒரு கரண்டு மெஷின் வாங்கினேன். அட்டைப் பெட்டியில் மோட்டார் பவரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மான் தசைக்கு மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு இருக்கும், அதை உரித்து எடுக்க வேண்டும். எனக்குத் தெரியாது. சவ்வு பிளேடில் கயிறாகச் சுற்றிக்கொண்டு, மோட்டார் முனகி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் இரண்டாவது நாளே விட்டது.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய இரும்பு மெஷின். கையால் சுற்றுவது. மேலே கிண்ணம், உள்ளே திருகாணி போல் ஒரு தண்டு, முன்னால் நான்கு இறக்கையுள்ள கத்தி, அதற்கும் முன்னால் துளைகள் போட்ட தட்டு. மேஜை விளிம்பில் வைத்துத் திருகி மாட்ட வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேஜை கண்ணாடி. கிச்சன் மேடையின் விளிம்பு தடிமன், பிடிக்கவில்லை. கடைசியில் பெட்ரூமில் கம்ப்யூட்டர் மேஜையைக் காலி செய்து, மானிட்டரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அதில் மாட்டினேன். சுற்றினால் கறி கூழாகப் பிதுங்கியது. மெஷின்காரருக்கு போன் செய்தேன். கத்தியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டார். உள்பக்கம் என்றேன். தட்டைப் பக்கம் தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும், திருப்பிப் போடுங்கள் என்றார். பதினெட்டு வருடத் தொழிலில் பாதி அப்போதே முடிந்திருந்தது எனக்கு. கத்தியைத் திருப்பிப் போட்டேன்.

மற்றதையும் அவர்தான் சொன்னார். சவ்வை உரிக்க வேண்டும். கறியை விரல் நீளத் துண்டுகளாக்கி, பாதி உறைய ஃப்ரீசரில் வைக்க வேண்டும், இரும்பையும் கூடவே வைக்க வேண்டும். முதலில் பெரிய துளை, பிறகு இரண்டு தடவை சின்னத் துளை. அப்படியே செய்தேன். ஒட்டாமல், நசுங்காமல், சிவப்பாக, மணி மணியாக விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆபீஸில் அப்படி ஒரு அரைப்பு கிடைத்தால் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டியிருப்போம்.

அவளுக்கு இறங்கவில்லை. தொண்டையில் நின்று இருமினாள். தண்ணீர் குடித்தால் தண்ணீர் போயிற்று, கறி நின்றது.

"முன்னாடி குடுத்தீங்களே, அது நல்லா இருந்துச்சுங்க. இது மணல் மாதிரி இருக்கு. என்ன மாத்துனீங்க?"

"மெஷின்தான் வேற," என்றேன்.

எனக்குக் காரணம் தெரியும். எச்சில் இல்லாத வாய்க்குக் கொழுப்புதான் எச்சில். மானின் சதை வறண்ட சதை. நெய் ஊற்றிப் பார்த்தேன். நெய் தனியாக வழிந்து ஓடியது, கறி மணி மணியாகத் தனியே நின்றது. அரைக்கும்போதே உள்ளே சேர்ந்த கொழுப்பு செய்வதை மேலே ஊற்றுகிற நெய் செய்யாது. நல்லெண்ணெயிலும் பார்த்தேன். இன்னொரு தடவை அரைத்தும் பார்த்தேன். தொண்ணூற்றாறரைக்கு வந்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை ரேடியேஷன் அறையில் முகமூடியை மாட்டியவன், அவள் கன்னத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்தான். இன்னும் ஒரு விரல் போனால் புதிதாகச் செய்ய வேண்டும் என்று என்னிடம் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, மிச்சமிருந்த முன்னங்காலை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு அந்தக் கொட்டகைக் கடைக்கே போனேன். வழியெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். அவளே கேட்கிறாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. ஏற்கெனவே பதினோரு நாள் சாப்பிட்டாயிற்று. பிழைத்தால்தானே பிடிவாதம் எல்லாம். இன்றைக்கும் இந்த வாதத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. கறியைக் கொடுத்து, கொழுப்புக்கு ஆம் என்று போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுக் காருக்கு வந்து சாவியைப் போட்டேன். நாளை மத்தியானம் அவள் ஒரு வாய் வாங்கிவிட்டு, நல்லா இருக்குங்க என்று சொல்லப் போவதை நினைத்துப் பார்த்தேன். அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. திரும்பப் போய், வேண்டாம் என்று கறியை வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். ஜன்னலோரம் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கூடக் கழற்றாமல், நின்றபடியே சொல்லிவிட்டேன். தாள், கட்டம், கொழுப்பு, லஞ்ச் அறை எல்லாம்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். வாந்தி எடுப்பாளோ என்று பயந்தேன். எடுக்கவில்லை.

"எத்தனை நாள்?"

"பதினோரு நாள்."

"அது எனக்கே தெரியும். தெரிஞ்சும் எத்தனை நாள் சொல்லாம இருந்தீங்க?"

நான் மனதுக்குள் எண்ண வேண்டியிருந்தது. "பன்னெண்டு நாள்."

"பதினோரு நாள் தெரியாம பண்ணீங்க. அது தப்பு இல்ல. பன்னெண்டு நாள் தெரிஞ்சு பண்ணீங்க." குரல் கட்டியிருந்ததால் அவளால் கத்த முடியவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "டெய்லி படுக்க வெச்சு மூஞ்சிய அமுக்கி மாட்டறாங்க. பல்ல எடுத்தாங்க. நாக்குக்கு அடியில எவ்ளோ எடுத்தாங்கன்னுகூட உங்ககிட்டதான் சொன்னாங்க, என்கிட்ட சொல்லல. இந்த வாய்க்குள்ள என்ன போகுதுங்கறது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

நீ பிழைக்க வேண்டும் என்றுதானே என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். அதற்கு மேல் அன்று பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பேசவில்லை. நான் வைத்த எதையும் தொடவில்லை. சீல் பிரிக்காத புரோட்டீன் பான டப்பாக்களை அவளே எடுத்து, அவளே பிரித்து, சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். நான் வாழ்க்கையில் வெட்கப்பட்ட நாட்கள் உண்டு. அந்த டப்பாவை அவள் திருப்பித் திருப்பிப் படித்ததைப் பார்த்த நாளைப்போல் இன்னொன்று இல்லை.

திங்கட்கிழமை தொண்ணூற்றைந்தே முக்கால். திரும்பி வரும்போது ரூட் ஒன் ஹைவேயில் சிக்னலில் நின்றோம். முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆட்டுக் கொழுப்பு கிடைக்குமாங்க?"

நேராக ஐசலினுக்கு வண்டியை விட்டேன். கறிக்கடைக்காரர் நம்பவில்லை. கொழுப்பை எடுத்துவிடுங்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று, சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற வெள்ளைக் கொழுப்பைச் சும்மாவே ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். அவள் காரை விட்டு இறங்கி வந்து, கடை வாசலில் நின்று, அது ஆட்டிலிருந்து வருகிறதா என்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டாள்.

அரைக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கறியையும் கொழுப்பையும் ஒன்று விட்டு ஒன்று போட்டு, பெரிய துளையில் ஒரு தடவை, சின்னத் துளையில் இரண்டு தடவை. வேகவைத்தபோது கிடா நாற்றம் வீட்டைத் தூக்கியது. ஜனவரி குளிரில் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். "எனக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க வேணா மூக்கப் பொத்திக்கோங்க," என்றாள். ஆறினால் அந்தக் கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். அதனால் மூன்று ஸ்பூனுக்கு ஒரு தடவை மைக்ரோவேவில் சூடு செய்துகொண்டே இருந்தேன். முதல் ஸ்பூனை உதட்டுக்கு அருகில் கொண்டுபோனபோது, வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

எல்லாம் அவள் கண் முன்னால்தான் போட்டது. இருந்தாலும் கேட்டாள். மான் கறி, ஆட்டுக் கொழுப்பு, சின்ன வெங்காயம், சீரகம், தேங்காய்ப் பால், அரை சிட்டிகை உப்பு என்று வரிசையாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு வாயைத் திறந்தாள். இருமல் வரவில்லை.

ஏழாவது வாரம் முடிந்தபோது தொண்ணூற்றைந்தேகால். டியூப் வைக்கவில்லை, முகமூடி மாற்றவில்லை. மாட்டுக் கொழுப்பு சாப்பிட்ட பதினோரு நாளில் ஏறியது இல்லாமல் இருந்தால் அந்தக் கால் பவுண்டு மிஞ்சியிருக்குமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. அவளிடம் கேட்டதில்லை. அவளும் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது. பழையபடி கேலி செய்தாள், சண்டை போட்டாள், என் ஆபீஸ் பார்ட்டிக்கு வந்தாள். அந்த மெஷின்காரருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கையால் முறுக்கு சுட்டுக் கொடுத்தாள்.

ஆனால் நான் எதைச் சமைத்து வைத்தாலும் கேட்பாள். தோசைக்கும் கேட்பாள், ரசத்துக்கும் கேட்பாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்தாலும், "இதுல என்ன போட்டிருக்கீங்க?" நான் ஒன்று விடாமல் சொல்வேன். பெருங்காயம் வரை, கறிவேப்பிலை வரை. வெளி ஆட்கள் பார்த்தால் ஏதோ விளையாட்டு என்று நினைப்பார்கள். எங்கள் இருவருக்கும் அது விளையாட்டாக இருந்ததில்லை. ஒரு தடவை, என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "இருக்கு. ஆனா சொல்லிடுங்க" என்றாள். நாலு வருடம் சொன்னேன்.

2000ஆம் வருடக் கடைசியில் நுரையீரலில் திரும்ப வந்தது. இந்தத் தடவை அவளையே கேட்டார்கள், ரேடியேஷன் வேண்டாம் என்று அவளே சொன்னாள். மார்ச்சில் மருத்துவமனையில் சேர்த்தோம். கடைசி வாரத்தில் பேச்சு நின்றுவிட்டது. விழுங்க முடியவில்லை. உதடு காயாமல் இருக்கட்டும் என்று நர்ஸ் ஒரு காகிதக் கப்பில் ஐஸ் துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தாள். மத்தியானம். நான் ஸ்பூனில் சின்னதாக ஒன்றை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் போலிருக்கிறது என்று ஸ்பூனைத் திரும்ப எடுக்கப் போனேன். அப்போதுதான் புரிந்தது.

"தண்ணிதாம்மா," என்றேன். "வேற எதுவும் இல்ல."

வாயைத் திறந்தாள்.